மேலே நின்றே கண்டுபிடியுங்கள்: செப்டிக் டேங்க் பழுது பார்க்கும் தொழிலுக்கு ஒரு வழிகாட்டி

“டாய்லெட்ல தண்ணி இறங்கல தம்பி, டேங்க் நிறைஞ்சுபோச்சு. லாரிக்காரர் நம்பர் இருந்தா குடுங்க.” பிளம்பிங் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழக்கமான அழைப்பு இது. லாரி வரும், உறிஞ்சும், பணம் வாங்கிக்கொண்டு போகும். இரண்டு வாரம் கழித்து அதே வீட்டில் அதே புகார். காரணம் எளிது: டேங்க் நிறைந்தது நோயின் அறிகுறி. நோய் எங்கே என்று யாரும் பார்க்கவில்லை.

குழாய் வேலை பிளம்பருக்குத் தெரியும். தொட்டி கட்டக் கொத்தனாருக்குத் தெரியும். உறிஞ்ச லாரிக்காரருக்குத் தெரியும். கழிவறைப் பீங்கானில் தொடங்கி உறிஞ்சு குழியின் மண் வரை முழுப் பாதையையும் ஒருசேரப் பார்த்து, “கோளாறு இங்கே இருக்கிறது” என்று கைவைத்துச் சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்களும் புறநகர்களும் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கே இந்த ஆளுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஐ.டி.ஐ. முடித்த பிளம்பர், கட்டட வேலை தெரிந்த கொத்தனார், சிவில் டிப்ளமோ படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர் என யார் வேண்டுமானாலும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். கற்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் விதி: யாரும் இறங்கக் கூடாது

செப்டிக் டேங்கில் கழிவு காற்றில்லாமல் மக்குவதால் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. இவற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். கசட்டைக் கிளறினால் அதில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும்; ஆகவே பல மணி நேரம் திறந்து வைத்த தொட்டியையும் நம்பக் கூடாது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யவைப்பது குற்றம். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். நேரடியாக வேலைக்கு வைத்தாலும் வேறொருவர் மூலம் வைத்தாலும் சட்டம் ஒன்றுதான். கழிவுநீர்ப் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

நம் தொழிலுக்கு இதைவிடக் கடுமையான விதி ஒன்று வேண்டும். என்ன காரணம் சொன்னாலும், எவ்வளவு பணம் தந்தாலும், நாமும் இறங்குவதில்லை, யாரையும் இறக்குவதுமில்லை. சில சாதிகளின் தலையில் மட்டும் இந்த வேலையைக் கட்டிவைத்து, அவர்களுடைய சாவைச் சாதாரணமாக்கி வைத்திருக்கிறது நம் சமூகம். அந்த வழக்கத்தை முடிக்கும் பொறுப்பு இந்தத் தொழிலுக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் உண்டு. கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் எல்லாமே தரையில் நின்றபடி செய்யக்கூடியவை.

மூடியைத் திறப்பதற்கும் முறை இருக்கிறது. இரண்டு பேர் இல்லாமல் திறக்காதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, சுற்றிலும் கயிறு கட்டுங்கள். காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு, திறந்தவுடன் விலகி வாயு கலைய நேரம் கொடுங்கள். தலையை உள்ளே நீட்டிப் பார்க்காதீர்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். பீடி, சிகரெட் கூடாது. விளக்கை ஏற்றி உள்ளே இறக்கி வாயு இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கமும் கூடவே கூடாது. வேலை முடிந்ததும் மூடியைச் சரியாகப் பொருத்திய பிறகே நகருங்கள்.

பாதையில் நான்கு இடங்கள்

கழிவுநீர் போகும் பாதையை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது வீட்டுக்குள் இருக்கும் பீங்கானும் டிராப்பும். இரண்டாவது அங்கிருந்து சேம்பர் வழியாகத் தொட்டிக்குப் போகும் குழாய். மூன்றாவது தொட்டி. நான்காவது தொட்டியிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி, அதாவது சோக் பிட்.

தொட்டியின் வேலை கழிவைத் தேக்கிப் பிரிப்பது. கனமானது கசடாக அடியில் படியும். எண்ணெய்ப் பசையும் இலேசான கழிவும் மேலே படலமாக மிதக்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகும். மேலே மிதப்பது வெளியேறாதபடி இரு குழாய்களிலும் ‘டீ’ பொருத்தி, அதன் கீழ்க்காலை நீருக்குள் மூழ்கவிடுவார்கள். வெளிக்குழாய் உள்குழாயைவிட 5 செ.மீ. அளவு தாழ்வாக இருக்கும். தொட்டிக்குள் வரும் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் ஒரு வாளி வெளியே போயாக வேண்டும். ஆகவே, ஒழுங்காக வேலை செய்யும் தொட்டி எப்போதும் வெளிக்குழாய் மட்டம் வரை நிறைந்தேதான் இருக்கும். ‘டேங்க் நிறைந்துவிட்டது’ என்று பதறும் வீட்டுக்காரருக்கு நீங்கள் முதலில் விளக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்லப்படுபவற்றில் பல, அடித்தளம் போடாமல் சிமென்ட் உறைகளை அடுக்கி இறக்கிய குழிகள். தொட்டியும் உறிஞ்சு குழியும் ஒன்றாகிப்போன அமைப்பு அது. எது இருக்கிறது என்று தெரியாமல் பழுது பார்க்கத் தொடங்காதீர்கள்.

போனிலேயே பாதி வேலை

புறப்படும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. தண்ணீர் இறங்காதது ஒரே கழிவறையிலா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்.

2. திடீரென்று நின்றதா, நாளாக நாளாக மந்தமானதா? திடீர் என்றால் அடைப்பு. மெதுவாக என்றால் கசடு அல்லது மண்.

3. மழைக்குப் பிறகு மட்டும் வருகிறதா? அப்படியானால் நிலத்தடி நீரையோ, உள்ளே புகும் மழைநீரையோ சந்தேகப்படுங்கள்.

4. கடைசியாக லாரி வந்தது எப்போது? எத்தனை நாளில் மறுபடி நிறைந்தது?

5. தொட்டி கட்டியபோது வீட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? மேல்மாடி கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் விடை இந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

6. வாஷிங் மெஷின், சமையலறை, மொட்டை மாடி மழைநீர்க் குழாய் எதிலே சேர்கிறது?

பதில்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது எந்த இரண்டு இடங்களைச் சந்தேகிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீர்மட்டம் சொல்லும் சேதி

முதலில் தொட்டிக்கு முன்னால் உள்ள சேம்பரைத் திறங்கள். வீட்டில் ஒருவரை ஒவ்வொரு கழிவறையிலும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சேம்பரில் ஒன்றும் வராவிட்டால் அடைப்பு வீட்டுப் பக்கம். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு தொட்டிப் பக்கம்.

அடுத்து தொட்டியின் மூடி. வெளிக்குழாயோடு ஒப்பிட்டு நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் டார்ச் அடித்து, கம்பில் கட்டிய கேமராவால் பார்க்கலாம். நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்:

மட்டம் சரியாக வெளிக்குழாயில் நிற்கிறது, ஆனால் சேம்பர் நிரம்பியிருக்கிறது. தொட்டிக்கும் சேம்பருக்கும் இடையே உள்ள குழாயிலோ உள்ளே வரும் ‘டீ’யிலோ அடைப்பு.

மட்டம் வெளிக்குழாயைத் தாண்டி ஏறியிருக்கிறது. வெளியேறும் ‘டீ’ அடைத்திருக்கலாம், அல்லது உறிஞ்சு குழி நீரை வாங்கவில்லை.

மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழே கிடக்கிறது. அண்மையில் லாரி வராதபோதும் இப்படியிருந்தால் தொட்டியில் விரிசல், அல்லது அடித்தளம் இல்லாத குழி. கழிவு அப்படியே மண்ணுக்குள் போகிறது.

யாரும் தண்ணீர் பயன்படுத்தாதபோதும் மட்டம் ஏறுகிறது. வெளியிலிருந்து நீர் புகுகிறது.

இந்த நான்கையும் சரியாகப் படிக்கத் தெரிந்தால், இந்தத் தொழிலின் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்துவிடும்.

குழாயில் உள்ள கோளாறுகள்

அடைப்புக்குப் பொதுவான காரணங்கள் சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயாபர், ஈரத் துடைப்பான், ஷாம்பு பாக்கெட், சமையல் எண்ணெய். சேம்பர் வழியாக ராடு விட்டு எடுங்கள். அடைப்பை முன்னால் தள்ளிவிட்டால் அது தொட்டியின் ‘டீ’யில் போய் மாட்டிக்கொள்ளும், முடிந்தவரை பின்னால் இழுத்து வெளியே எடுப்பதே முறை.

எடுத்த அடைப்பு அதே இடத்தில் மறுபடி வந்தால் வாட்டத்தைச் சோதியுங்கள். 110 மி.மீ. பி.வி.சி. குழாய்க்குப் பொதுவாக 40-க்கு 1 வாட்டம் கொடுப்பார்கள். பத்து அடிக்கு மூன்று அங்குலம். கொத்தனாரின் டியூப் லெவல் வைத்து இரு முனைகளையும் அளந்தால் போதும். மண் சரியாக இறுகாத இடத்தில் குழாய் நடுவில் தொங்கி, அங்கே கழிவு தங்கும். தொங்கிய பகுதியைத் தோண்டி, அடியில் மணல் படுக்கை போட்டு மறுபடி பதியுங்கள். பழைய கல்நார், களிமண் குழாய்களில் இணைப்பு வழியாக மர வேர் புகுந்திருக்கும். வேரை வெட்டுவது தற்காலிகத் தீர்வு. அந்த இடத்துக் குழாயை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. 90 டிகிரி எல்போ போட்ட இடங்களில் இரண்டு 45 டிகிரி பெண்டு போடுங்கள். திருப்பத்தில் ஒரு சேம்பர் கட்டிவிட்டால் அடுத்த முறை உடைக்காமல் பார்க்கலாம்.

தண்ணீர் ஊற்றும்போது ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால் காற்று போக வழியில்லை என்று பொருள். வென்ட் பைப்பின் உச்சியைப் பாருங்கள். குளவிக் கூடு, பறவைக் கூடு, வெள்ளையடித்தபோது மாட்டிய சாக்கு என்று ஏதாவது அடைத்திருக்கும்.

தொட்டியில் உள்ள கோளாறுகள்

கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள், குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நீளமான கம்பின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மெதுவாக அடிவரை இறக்குங்கள். சில நிமிடம் நிறுத்தி, அசைக்காமல் எடுங்கள். துண்டில் கறுப்பாகப் படிந்த உயரமே கசட்டின் உயரம். மேல் படலத்தை அளக்க, நுனியில் குறுக்குக் கட்டை வைத்த கம்பு போதும். வெளிக்குழாய் ‘டீ’யின் கீழ்முனைக்கும் கசட்டுக்கும் இடைவெளி 30 செ.மீ.க்குக் குறைந்தாலோ, மேல் படலத்துக்கு இடைவெளி 15 செ.மீ.க்குக் குறைந்தாலோ உறிஞ்சி எடுக்கும் காலம் வந்துவிட்டது. பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடிக்கடி நிறைந்தால் தொட்டியின் அளவைக் கணக்கிடுங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஏறத்தாழ 1 மீட்டர் நீர் ஆழம் உள்ள தொட்டியைச் சொல்கிறது. பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம்; இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்வதானால் 1.4 மீட்டர் ஆழம். ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டியில் மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் கழிவு படிய நேரமே இருக்காது. கலங்கிய நீர் நேராக உறிஞ்சு குழிக்குப் போய் அதையும் கெடுக்கும். அந்த வீட்டில் இரண்டாவது தொட்டியைத் தொடராக இணைப்பதே வழி.

‘டீ’ உடைந்திருந்தாலும் விழுந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். வெளிக்குழாய்க்கு நேர் மேலே மூடி இல்லாத தொட்டியில், தொட்டியைக் காலி செய்த பிறகு, மேல் ஸ்லாபில் அந்த இடத்தில் திறப்பு வெட்டி மேலிருந்தே பொருத்தலாம். ஸ்லாப் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அதன் மேல் ஏறாதீர்கள். வாயுவால் கம்பி துருப்பிடித்த பழைய ஸ்லாப் ஆளோடு இடிந்து விழும்.

அதிகம் கவனிக்க வேண்டியது: உறிஞ்சு குழி

லாரி வந்து இரண்டு வாரத்தில் மறுபடி நிறையும் வீட்டில் குற்றவாளி பெரும்பாலும் உறிஞ்சு குழிதான். இதை உறுதி செய்ய நல்ல நேரம், லாரி உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரமே. தொட்டி மட்டம் இறங்கும்போது வெளிக்குழாய் வழியாக நீர் திரும்பி உள்ளே கொட்டினால், உறிஞ்சு குழி நிரம்பி வழிகிறது என்று பொருள். அந்தக் காட்சியை வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். நீங்கள் விளக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

பிறகு உறிஞ்சு குழியையும் உறிஞ்சச் சொல்லி, ஓர் இரவு அந்தக் குழிக்குத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியாக இருப்பதால் வீட்டுப் பயன்பாட்டை அது தாங்கும். காலையில் குழியில் தானாக நீர் ஊறியிருந்தால் நிலத்தடி நீர் மேலே இருக்கிறது. குழி காய்ந்தே இருந்து, பயன்படுத்தத் தொடங்கியதும் நிறைந்து இறங்காமல் நின்றால் மண்ணின் துவாரங்கள் அடைத்துவிட்டன. தொட்டியிலிருந்து தப்பிவந்த கசடும் நுண்ணுயிர்களும் சேர்ந்து குழிச் சுவரில் வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும்.

மண் அடைத்த குழிக்கு ஓய்வே மருந்து. பக்கத்தில் இரண்டாவது குழி தோண்டி, இரண்டுக்கும் முன்னால் திருப்பிவிடும் சேம்பர் ஒன்று கட்டுங்கள். ஒன்று வேலை செய்யும்போது மற்றது சில மாதம் காய்ந்து தெளியும். புதிய குழிக்குக் குறைந்தது 90 செ.மீ. விட்டமும், குழாய் வந்து விழும் மட்டத்துக்குக் கீழே 1 மீட்டர் ஆழமும் வேண்டும் என்கிறது தர நிர்ணயம். செங்கலைச் சாந்து பூசாமல் இடைவெளியோடு அடுக்கி, வெளியே 75 மி.மீ. கனத்துக்கு ஜல்லி நிரப்புங்கள்.

எந்த இடத்தில் தோண்டினாலும் முதலில் மண்ணைச் சோதியுங்கள். குழி வரப்போகும் ஆழம் வரை சிறு துளை தோண்டி, முதல் நாள் நீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் நீர் ஊற்றி, 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி போதும். 30 முதல் 60 நிமிடம் என்றால் குழி தாங்காது. ஜல்லி நிரப்பிய நீண்ட ஆழமற்ற வாய்க்கால் போட்டுத் துளையிட்ட குழாயில் நீரைப் பரப்ப வேண்டும். 60 நிமிடத்தைத் தாண்டினால் மண்ணை நம்பவே முடியாது. தொட்டிக்கு அடுத்து ஜல்லி வடிப்பான் கட்டிச் சுத்திகரிக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலும் டெல்டாவின் களிமண்ணிலும் செம்மண் ஊரில் கட்டிய அதே குழியைக் கட்டினால் தோற்கும். மண் பார்க்காமல் மதிப்பீடு கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் கசியும் ஃப்ளஷ் டேங்கையும் மறக்க வேண்டாம். இரவும் பகலும் ஒழுகும் நீர் நல்ல உறிஞ்சு குழியையும் மூழ்கடிக்கும். ஃப்ளஷ் டேங்கில் உணவுக்கு இடும் வண்ணத்தைக் கலந்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். அழுத்தாமலே பீங்கானில் நிறம் வந்தால் வாஷரை மாற்றுங்கள். சில ரூபாய் வாஷர் ஒரு புதிய குழியின் செலவை மிச்சப்படுத்தலாம்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் வேலை குவியும். அப்போது எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் சொல்லாதீர்கள். மொட்டை மாடி நீர் தொட்டியில் சேர்ந்தால் உடனே பிரித்துவிடுங்கள். மூடி தரைமட்டத்தில் இருந்தால் விளிம்பை உயர்த்திக் கட்டுங்கள். நிலத்தடி நீர் மேலே வந்ததுதான் காரணம் என்றால், மழை ஓயும் வரை தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்வதே நேர்மையான ஆலோசனை. ஃபைபர், பிளாஸ்டிக் தொட்டிகளை அந்த நேரத்தில் முழுக்கக் காலி செய்தால் நிலத்தடி நீரின் அழுத்தத்தில் மேலே மிதந்து குழாய்களை முறித்துவிடும்.

நாற்றம், கொசு, கிணறு

வீட்டுக்குள் நாற்றம் அடித்தால் தரை டிராப்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயன்படாத குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே நின்றுவிடும். வென்ட் பைப் குறைந்தது 50 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும். தொட்டி வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் கட்டட உச்சிக்கு மேலே 2 மீட்டர் வரை உயர்த்த வேண்டும். வாயில் கொசுவலை கட்டாயம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கில் செழித்து வளரும்.

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும். குறைவாக இருந்தால் அதை வீட்டுக்காரரிடம் எழுதியே கொடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளந்து பாருங்கள். தண்ணீரை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கைவிட வேண்டிய வழக்கங்கள்

ஆசிட், பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அடைப்பெடுப்பது தொட்டியில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆசிட் ஊற்றினால் நச்சு வாயுவும் கிளம்பலாம். ஈஸ்ட், வெல்லம், பாக்டீரியா பவுடர் எதுவும் தேவையில்லை. மனிதக் கழிவிலேயே வேண்டிய நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உறிஞ்சிய பிறகு அடியைச் சுரண்டிக் கழுவ வேண்டும் என்று வீட்டுக்காரர் வற்புறுத்துவார். சிறிது கசடு மிஞ்சுவது நல்லது. அடுத்த கழிவை மக்கச்செய்யும் வித்து அதுதான். ஆளை இறக்கச் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை இந்தத் தவறான நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

தெருவின் மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிவிடச் சொல்பவரும் உண்டு. செய்யாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக் கழிவு தெருப் பிள்ளைகளின் காலில் வந்து சேரும்.

கருவிகள்

தொடக்கத்துக்கு இவை போதும்: இணைத்து நீட்டும் ராடு, ஸ்பிரிங் ஒயர், டியூப் லெவல், ரசமட்டம், அளவு நாடா, கசடு அளக்கும் கம்பு, மூடி தூக்கும் கொக்கி, டார்ச், செல்போனில் பொருத்தும் எண்டோஸ்கோப் கேமரா. கையுறை, கம்பூட், முகக் கவசம், கண்ணாடி எப்போதும் பையில் இருக்கட்டும். வருமானம் வந்ததும் முதலில் வாங்க வேண்டியது ஆக்சிஜன், மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டும் வாயு அளவி. அதற்கு அடுத்து ஜெட்டிங் மெஷின். டெட்டனஸ், மஞ்சள் காமாலை, டைபாய்டு தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

லாரியோடு வேலை

தமிழ்நாட்டில் கழிவுநீர் லாரிகளுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரோடு மட்டும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் இயங்கும் கசடு கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் போல இப்போது பல ஊர்களில் நிலையங்கள் உள்ளன. ஏரியிலும் ஓடையிலும் கொட்டும் லாரியை அழைத்தால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆளே கிடைக்காத இடத்தில் 14420 என்ற கட்டணமில்லா எண்ணை வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.

கட்டணமும் அறிக்கையும்

சோதனைக்குத் தனிக் கட்டணம், பழுதுக்குத் தனிக் கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். “பார்த்ததுக்கே காசா தம்பி?” என்று கேட்பார்கள். “தேவையில்லாம லாரிக்குக் குடுக்கிற பணம் மிச்சம் ஆகும்மா. என்ன கோளாறுன்னு எழுதியே தர்றேன்” என்று பதில் சொல்லுங்கள். சொன்னபடி ஒரு பக்க அறிக்கை கொடுங்கள்: பாதையின் வரைபடம், நீர்மட்டம், கசட்டின் உயரம், கண்ட கோளாறு, முதலில் செய்ய வேண்டியது, பிறகு செய்யலாம் என்பது, அடுத்த சோதனைக்கான மாதம். தொட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீடுகளில் அந்த வரைபடம் சொத்துப் பத்திரத்தோடு வைக்கப்படும். அதில் இருக்கும் உங்கள் போன் எண்தான் உங்களுக்கு விளம்பரம்.

வீடு வீடாக ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் பேசுங்கள். பள்ளிகள், திருமண மண்டபங்கள், சிறு விடுதிகளுக்கு இது இன்னும் அவசியம்.

பயிற்சியும் முதலீடும்

அடிப்படை வேண்டுவோருக்கு ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் படிப்பு உள்ளது. படித்ததோடு, தொட்டி கட்டும் கொத்தனாரிடமும் லாரிக்காரரிடமும் சில மாதம் உடன் போய்ப் பாருங்கள். இயந்திரம் வாங்கக் கடன் தேடுவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. மத்திய அரசின் நமஸ்தே திட்டம் கழிவுநீர்த் தொழிலாளர்களைப் பதிவு செய்து பாதுகாப்புக் கருவி, பயிற்சி, இயந்திரங்களுக்கான மானியம் ஆகியவற்றை வழங்குகிறது. இதுவரை உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்கள் அந்த இயந்திரங்களின் உரிமையாளர்களாக மாறுவதே இந்தத் தொழிலில் நடக்க வேண்டிய முதல் மாற்றம். உங்கள் ஊரில் அப்படிப்பட்டவர் இருந்தால் கூலியாளாக அழைக்காதீர்கள், பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் எந்தத் தொட்டி எப்படிப்பட்டது என்ற அறிவு அவரிடம் இருக்கிறது.

நாளைக்கே ஒரு வீட்டில் தொடங்குங்கள். உங்கள் வீடாகவே இருக்கட்டும். சேம்பரைத் திறந்து பாருங்கள், பாதையை வரையுங்கள், நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். ஆள் இறங்கினால்தான் வேலை முடியும் என்று யாராவது சொன்னால், அந்த வேலையை மறுத்துவிட்டு வெளியே வாருங்கள். அந்த வருமானம் நமக்கு வேண்டாம்.